ஏட்டு வேறுபாடும் சமயக் கொள்கையும்: பேராக் தமிழ்க் கிறித்தவர் ஓதிய விவிலியங்கள்

பேராக் மாநிலத்துத் தோட்டப்புறங்களில் தமிழ்க் கிறித்தவக் குடும்பங்கள் அடுத்தடுத்த லயங்களில் வாழ்ந்த காலம் ஒன்று இருந்தது. பாகான் செராய், கோலகங்சார், சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் முதலிய வட்டாரங்களில் கத்தோலிக்கர் ஒரு வீட்டிலும் மெதடிஸ்தரோ லுத்தரன் சபையாரோ மறு வீட்டிலும் இருப்பர். இயேசு பெருமான் தம் சீடர்க்குக் கற்பித்த செபம் இரு வீட்டிலும் ஒலிக்கும். ஆயினும் முடியுமிடம் வேறு. தீமையினின்று காத்தருளுமாறு வேண்டிக் கத்தோலிக்கர் நிறுத்திவிடுவர். மற்றவரோ, ஆட்சியும் ஆற்றலும் மாட்சியும் இறைவனுக்கே உரியன என்னும் பொருளமைந்த ஒரு தொடரையும் ஓதியே முடிப்பர்.

ஒரே ஆசான் கற்பித்த ஒரே செபம் இருவகையாக முடிவானேன்? ஒரு சாரார் கூட்டினரா, மற்றொரு சாரார் குறைத்தனரா? மறைநூலிற் கைவைத்தவர் எவர்? இவ்வினா சிறு குழந்தைக்கும் எழக்கூடியது. இதனை அடுத்து வேறொரு பெரிய வினாவும் எழும். ஏடுகள் தம்முள் வேறுபடுமாயின், அவ்வேடுகளின்மேல் எழுப்பிய சமயக் கொள்கை நிலைபெறுவது எங்ஙனம்? பேராக் தமிழர் கையிலிருந்த விவிலியங்களின் வரலாற்றை நோக்கின் இவ்விரு வினாக்கட்கும் விடை புலப்படும்.

மூன்று வழியில் வந்த மறைநூல்

பேராக்கில் குடியேறிய தமிழ்க் கிறித்தவர் அனைவரும் ஒரே விவிலியத்தைக் கொண்டுவந்தவரல்லர். ரெனே ஃபே என்னும் பிரெஞ்சுக் குருவானவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கரைக் குடியமர்த்தினார். பின்னர் 1896-இல் மலாக்காவின் ஆயராக உயர்ந்தவரும் இவரே. இக்கத்தோலிக்கரின் செபங்களும் மறைநூற் பகுதிகளும் இலத்தீன் விவிலியத்தை அடியாகக் கொண்டவை. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எரோணிமார் என்னும் பேரறிஞர் உருவாக்கிய அவ்விலத்தீன் மொழிபெயர்ப்பையே சான்றுடையதென 1546-இல் திரெந்து சங்கம் அறிவித்திருந்தது.

லுத்தரன் சபையார் தரங்கம்பாடி மரபினர். அங்கு 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1714-15ஆம் ஆண்டுகளில் அச்சேற்றினார். அவர் முடிக்காது விட்ட பழைய ஏற்பாட்டைச் சூல்ச்சே என்பவர் நிறைவு செய்தார். அதன்பின் சென்னை வேப்பேரியில் பப்ரிசியசு ஐயர் மூலமொழிகளை மீண்டும் ஒப்புநோக்கி, 1772-இல் புதிய ஏற்பாட்டை வெளியிட்டார். பழைய ஏற்பாடும் அவருழைப்பிற் பின்னர் வந்தது. பிற சபைகள் புது மொழிபெயர்ப்பை ஏற்ற பின்னரும் லுத்தரன் சபையார் இதனைப் பொன்னேபோற் போற்றி நெடுங்காலம் விடாது பேணினர்.

மெதடிஸ்தரும் ஆங்கிலிக்கரும் பெரும்பாலும் ஓதியது பல சபையார் கூடி அமைத்த பொது மொழிபெயர்ப்பு. பவர் ஐயர் தலைமையில், முத்தையா பிள்ளை என்னும் தமிழறிஞரின் துணையோடு, 1871-இல் அது முழுமையாக வெளிவந்தது. அதற்கு முன்னரே யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் ஐயர் ஆறுமுக நாவலரின் துணைகொண்டு செய்த மொழிபெயர்ப்பு 1850-இல் அச்சாயிற்று. பேராக்கின் இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் பணிபுரிந்த யாழ்ப்பாணத்தாரின் முன்னோர் அதனை அறிந்தவர்.

இறைவனைக் குறிக்கும் சொல்லிலேயே இம்மரபுகள் பிரிந்தன. கத்தோலிக்கர் சர்வேசுரன் என்றனர். பப்ரிசியசு பராபரன் என்றார். 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு தேவன் என்றது. இருபதாம் நூற்றாண்டில் கடவுள் என்னும் சொல் மேலோங்கியது. ஒரே தோட்டத்தில் வாழ்ந்தோர் ஒரே இறைவனை வெவ்வேறு பெயரால் அழைத்ததற்குக் காரணம் நம்பிக்கை வேறுபாடன்று. அவரவர் பாட்டனார் கையில் எந்த அச்சகத்து நூல் சேர்ந்தது என்பதே காரணம்.

ஏட்டுச் சுவடியும் பாடபேதமும்

பாடபேதம் தமிழாசிரியர்க்குப் புதிதன்று. திருக்குறளின் வைப்புமுறையில் மணக்குடவரும் பரிமேலழகரும் வேறுபடுவதும், பிறர் கொண்ட பாடத்தைப் பரிமேலழகர் எடுத்துக்காட்டி மறுப்பதும் அவர் அறிந்தவையே. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்பிட்டே பாடந் துணிந்தார். பனையோலையிற் புள்ளியிடும் வழக்கம் இன்மையால் குறில் எகர ஒகரமும் நெடில் ஏகார ஓகாரமும் மயங்கின. ரகரமும் காலும் ஒத்த வடிவின. நெடிலைப் பிரித்துக் காட்டும் குறியை அமைத்தவர் வீரமாமுனிவர் என்னும் கிறித்தவத் துறவியே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

விவிலியத்திற்கும் இந்நிலையே நேர்ந்தது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சுவடிகள், துண்டுகளையும் சேர்த்து, ஐயாயிரத்திற்கு மேற்பட்டவை கிடைத்துள்ளன. கையாற் படியெடுத்தவை ஆதலின் அவை முற்றும் ஒத்திரா. வேறுபாடுகளுட் பெரும்பாலானவை எழுத்துப் பிழையும் சொல் முறைமாற்றமுமே. பொருளை மாற்றுவன சில. கொள்கையைத் தொடுவன மிகச் சில.

செபத்தின் முடிவு இதற்கு நல்ல சான்று. மத்தேயு நற்செய்தியின் மிகப் பழைய சுவடிகளாகிய சீனாய்ச் சுவடியிலும் வத்திக்கான் சுவடியிலும் அவ்விறுதித் தொடர் இல்லை, இலத்தீனிலும் இல்லை. பிற்காலக் கிரேக்கச் சுவடிகளிற் பெரும்பாலானவற்றில் உண்டு. அதே சமயம், திருத்தூதர் போதனை என வழங்கும் மிகத் தொன்மையான நூலொன்றில் இதனை ஒத்த புகழ்ச்சி இச்செபத்தின் முடிவில் அமைந்துள்ளது. வழிபாட்டில் மக்கள் வாயால் மொழிந்தது படியெடுப்போர் கையால் நூலுக்குள் நுழைந்தது என அறிஞர் கருதுவர். கத்தோலிக்க வீட்டார் குறைத்தவரல்லர். மெதடிஸ்து வீட்டாரும் வேண்டுமென்று கூட்டியவரல்லர். அவரவர்க்கு வாய்த்த மூலம் வேறு. 1969-இல் வகுத்த புதிய திருப்பலி முறையிற் கத்தோலிக்கரும் அப்புகழ்ச்சியைச் சற்றுத் தள்ளி ஓதலாயினர் என்பது இதன் பின்வரலாறு.

கொள்கையைத் தொட்ட மூன்று இடங்கள்

கடவுள் மூவொருவராய் உள்ளார் என்பது கிறித்தவத்தின் தலையாய கொள்கை. யோவானின் முதல் திருமுகம் ஐந்தாம் அதிகாரத்தில், தந்தையும் வார்த்தையும் தூய ஆவியும் விண்ணிற் சான்று பகர்வதையும் அம்மூவரும் ஒன்றென்பதையும் கூறும் தொடர் ஒன்று உண்டு. எராசுமசு என்னும் ஒல்லாந்து அறிஞர் 1516-இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது இத்தொடர் அவர் கண்ட கிரேக்க ஏடுகளில் இல்லாமையின் விட்டுவிட்டார். கண்டனம் பெருகிற்று. இத்தொடரை உடைய கிரேக்க ஏடொன்று காட்டப்பட்ட பின், 1522-இல் வந்த மூன்றாம் பதிப்பில் அதனைச் சேர்த்தார். அப்பதிப்பின் வழிவந்த கிரேக்க மூலத்தையே பின்வந்த மொழிபெயர்ப்பாளர் பலரும் கொண்டமையால் தமிழ் விவிலியத்திலும் அது இடம்பெற்றது.

அத்தொடரை நீக்கினால் மூவொருமைக் கொள்கை வீழுமா? வீழாது. நீக்கேயா சங்கம் கூடியது 325-இல். கான்ஸ்தாந்திநோப்பிள் சங்கம் 381-இல். அந்நூற்றாண்டின் கடும் வாதங்களிற் கிரேக்கத் தந்தையர் எவரும் இத்தொடரை எடுத்துக்காட்டவில்லை. கையிலிருந்திருப்பின் இதனினும் சிறந்த படைக்கலம் அவர்க்கு இருந்திராது. எனவே இத்தொடரின் துணையின்றியே கொள்கை உருப்பெற்றது என்பது தெளிவு. உரோமைத் திருச்சபையும் 1897-இல் இதனைக் காத்து நின்று, 1927-இல் ஆராய்ச்சிக்கு வழிவிட்டது.

இரண்டாவது இடம் ஒரு சிறு கோட்டைப் பற்றியது. திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகம் மூன்றாம் அதிகாரத்தில், உடலெடுத்து வெளிப்பட்டவர் ‘கடவுள்’ என்று சில சுவடிகளும், ‘அவர்’ என்னும் பொருள்பட வேறு சுவடிகளும் கூறும். கிரேக்கத்திற் கடவுள் என்னும் சொல்லைச் சுருக்கி ஈரெழுத்தாக எழுதுவர். முதலெழுத்தின் நடுவே ஒரு கீற்று இருந்தால் அது கடவுள். இல்லையேல் அது வெறும் சுட்டு. பழைய சுவடிகளில் அக்கீற்று இல்லை. அலெக்சாந்திரியச் சுவடியிற் பிற்காலக் கை ஒன்று அதனை இட்டிருக்கிறது. நமது ஏட்டின் புள்ளிபோல ஒரு கீற்றிலே இத்துணைப் பொருள் வேறுபாடு! 1871ஆம் ஆண்டுத் தமிழ் மொழிபெயர்ப்புத் தேவன் என்றே கொண்டது. 1995-இல் வந்த திருவிவிலியத்தில் அவ்விடத்தில் அச்சொல் இல்லை. எனினும் இயேசுவின் இறைமைக்கு யோவான் நற்செய்தியின் தொடக்கமும், தோமாவின் அறிக்கையும் எல்லாப் பழஞ்சுவடிகளின் துணையோடு நிற்கின்றன.

மூன்றாம் இடத்திலோ ஏட்டு வேறுபாடு மக்கள் வாழ்க்கையையே தொட்டது. மாற்கு நற்செய்தியின் இறுதிப் பன்னிரண்டு வசனங்கள் சீனாய், வத்திக்கான் சுவடிகளில் இல்லை. நம்பினோர் பல மொழி பேசுவர், பாம்பைக் கையிற் பிடிப்பர், நோயரைக் குணப்படுத்துவர் என்பன அப்பகுதியில் உள்ளவை. பெந்தெகொஸ்தே சபையார் இதனைப் பெரிதும் போற்றுவர். அமெரிக்காவில் இதனை எழுத்தளவிற் கொண்டு வழிபாட்டில் நச்சுப்பாம்பைக் கையாண்ட ஹென்ஸ்லி என்னும் போதகர் 1955-இல் பாம்பு கடித்தே மாண்டார். அதே நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்தில், பேயை ஓட்டச் செபத்தோடு உபவாசமும் வேண்டும் என்றிருக்குமிடத்தில் உபவாசம் என்னும் சொல் மிகப் பழைய சுவடிகளில் இல்லை. உபவாச செபத்தை உயிர்ப்பயிற்சியாகக் கொண்ட தமிழ்ச் சபைகட்கு இது சிறு செய்தியன்று. எனினும் நோன்பை வலியுறுத்தும் பிற இடங்கள் நூலில் உண்டு.

பத்தாண்டுகள் முந்திய நூல்

பழஞ்சுவடிகளின் பாடம் தமிழுக்கு ஏன் உடனே வரவில்லை? விடை காலக்கணக்கில் உள்ளது. சீனாய் மலையடித் துறவிமடத்திற் கண்ட சுவடியைத் திஷெண்டார்ப் என்னும் செருமானிய அறிஞர் 1862-இல் பதிப்பித்தார். பவர் குழுவினரின் புதிய ஏற்பாடு 1863-இல் தமிழில் வந்தது; முழு நூல் 1871-இல். பழஞ்சுவடிகளை அடிப்படையாகக் கொண்ட கிரேக்கப் பதிப்பும் ஆங்கிலத் திருத்த மொழிபெயர்ப்பும் 1881-இல்தான் வெளிவந்தன. பத்தாண்டு பிந்தியிருப்பின் தமிழ்ப் பாடம் வேறாகியிருக்கலாம். லார்சன், மோனகன் முதலியோர் இருபதாம் நூற்றாண்டிற் புதுப்பாடத்தைத் தழுவித் திருத்திய மொழிபெயர்ப்புகள் மக்கள் நாவில் நிலைக்கவில்லை. மனனமாகிவிட்ட நூலை ஆராய்ச்சி அசைத்தல் அரிது. இன்றும் தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளில் மிகுதியாக ஓதப்பெறுவது 1871ஆம் ஆண்டின் நூலே.

ஓர் ஏகாரமும் ஒரு கண்காணியும்

சுவடி வேறுபாட்டினும் சொல் தேர்வே மக்களின் எண்ணத்தை மிகுதியாக உருவாக்கியது. உரோமையர்க்கு எழுதிய திருமுகம் மூன்றாம் அதிகாரத்தை 1522-இல் செருமானியத்திற் பெயர்த்த மார்ட்டின் லுத்தர், மனிதன் நம்பிக்கையினால் ‘மட்டும்’ நீதிமானாகிறான் என மூலத்தில் இல்லாத ஒரு சொல்லை இட்டார். செருமானிய மொழியின் இயல்பு அதனை வேண்டுகிறது என்று 1530-இல் விடையும் எழுதினார். தமிழ் மொழிபெயர்ப்பு தனிச்சொல் எதனையும் சேர்க்கவில்லை. விசுவாசத்தினாலேயே என்று ஏகாரத்தால் முடித்துவிட்டது. தேற்றமா, பிரிநிலையா? தேற்றமெனின் உறுதி மட்டுமே. பிரிநிலையெனின் லுத்தரின் ‘மட்டும்’ முழுமையாக உள்ளே அமர்ந்துவிடுகிறது. ஐரோப்பாவைப் பிளந்த வழக்கு ஓரெழுத்து இடைச்சொல்லில் அடங்கியிருப்பதை இலக்கணம் பயின்றோரே காண்பர்.

மரியாளை வானதூதர் வாழ்த்திய சொல்லும் அத்தகையது. இலத்தீன் வழிவந்த செபம் அருளால் நிறைந்தவர் என்னும். பழைய கத்தோலிக்கத் தமிழில் அது பிரியதத்தத்தினால் பூரணமானவர் என வழங்கியது. கிரேக்கம் வழிவந்த நூலோ கிருபை பெற்றவள் என்னும். நிறைவு மரியாளின் தனிப்பெருமையை நினைவூட்டும். பேறு கொடுத்தவரின் கொடையை நினைவூட்டும். சிலிபின் லூர்து மாதா ஆலயத்திற்கும் ஈப்போத் தமிழ் மெதடிஸ்து ஆலயத்திற்கும் உள்ள வேறுபாட்டின் ஒரு வேர் இவ்விரு சொற்களிடையே உள்ளது.

தோட்டத் தமிழர்க்கே உரிய சான்று ஒன்றும் உண்டு. திருச்சபைத் தலைவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கு மேலிருந்து பார்ப்பவன் என்பது நேர்ப்பொருள். 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு அதனைக் கண்காணி என்றது. சொல்லாட்சி மிகப் பொருத்தமானது. மூலத்தின் உறுப்புகள் அப்படியே தமிழில் அமைந்துள்ளன. ஆனால் மலாயாத் தோட்டத்திற் கங்காணி எவன்? ஊருக்குச் சென்று ஆள்கட்டி வந்தவன்; ஆள்கணக்கிற் பணம் பெற்றவன்; கடனாலும் அதட்டலாலும் தொழிலாளியைக் கட்டியவன். 1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்யும்வரை அம்முறை நீடித்தது. குற்றமற்றவனாகவும், பண ஆசையற்றவனாகவும், அடிக்காதவனாகவும் கண்காணி இருத்தல் வேண்டும் என்று ஆலயத்தில் வாசிக்கக் கேட்ட பால்வெட்டுத் தொழிலாளி தன் தோட்டத்துக் கங்காணியை நினையாதிருப்பது அரிது.

இச்சொல்லில் கொள்கையும் உண்டு. கத்தோலிக்கர் அப்பதவியினரை மேற்றிராணியார் என்றும், பின்னர் ஆயர் என்றும் அழைத்தனர். திருத்தூதர் வழிவந்த தனிப்பட்டம் அது என்பது அவர் கொள்கை. கண்காணி என்று படிப்பவர்க்கு அது சபையை மேற்பார்க்கும் வேலையாகவே தோன்றும். திருவிவிலியம் சபைக் கண்காணிப்பாளர் என்று கூறித் தோட்டத்து நினைவையும் தவிர்த்தது.

எத்தனை நூல்கள்?

சுவடியினும் சொல்லினும் பெரியதொரு வேறுபாடு நூற்றொகையிலே உள்ளது. கத்தோலிக்க விவிலியம் 73 நூல்களைக் கொண்டது. சீர்திருத்தச் சபையார் கொள்வது 66. எபிரேயத் தொகுப்பில் இல்லாது கிரேக்கத் தொகுப்பில் உள்ள நூல்களை லுத்தர் தம் 1534ஆம் ஆண்டு விவிலியத்தில் தனியே ஒதுக்கினார். திரெந்து சங்கம் 1546-இல் அவற்றை மறைநூலே என்றது. பிரித்தானிய விவிலியச் சங்கம் 1826-இல் அவற்றை அச்சிடாதொழிய முடிவு செய்தது. அச்சங்கத்தின் ஆதரவில் வளர்ந்த தமிழ் விவிலியமும் 66 நூல்களோடு நின்றது.

இறந்தோர்க்காக வேண்டுதல் நன்றெனக் கூறும் மக்கபேயர் இரண்டாம் நூல் அவ்வொதுக்கிய நூல்களுள் ஒன்று. நவம்பர் 2ஆம் நாள் கத்தோலிக்கர் கல்லறைகளைத் துப்புரவாக்கி மெழுகுவத்தி ஏற்றி இறந்தோர்க்காகச் செபிப்பர். அண்டை வீட்டுச் சீர்திருத்தச் சபையார் தம் முன்னோரை நன்றியோடு நினைப்பாரேயன்றி அவர்க்காக வேண்டார். அன்பிற் குறைவில்லை, ஒருவர் கையிலுள்ள நூல் மற்றவர் கையில் இல்லை. தாயும் தந்தையும் புதைந்த மண்ணருகே இரு குடும்பத்தாரும் இருவகையாக நிற்பதற்கு இதுவே காரணங்களுள் தலையாயது.

முடிவு

இதுகாறும் கண்டவற்றால் சில உண்மைகள் தெளிவாகின்றன. சுவடி வேறுபாட்டினால் கிறித்தவத்தின் அடிப்படைக் கொள்கை எதுவும் வீழ்ந்ததில்லை. ஏனெனில் அவை ஒற்றைத் தொடரின்மேல் நின்றவையல்ல. மறைநூல் முழுதும் திரிக்கப்பட்டது என்பாரும், ஓர் எழுத்தும் மாறவில்லை என்பாரும் ஒருங்கே தவறுகின்றனர். ஆனால் வேறுபாட்டால் விளைவே இல்லை என்பதும் பொருந்தாது. செபம் முடியும் இடமும், நோன்பின் வலிமையும், கல்லறையருகே நிற்கும் முறையும் ஏட்டாலும் சொல்லாலும் நூற்றொகையாலும் வேறுபட்டன. கொள்கை நூலில் சிறிதாகத் தோன்றுவது குடும்ப வாழ்விற் பெரிதாகும்.

பிளவை உண்டாக்கிய ஆராய்ச்சியே பிணைக்கவும் செய்தது. பதினாறாம் நூற்றாண்டிற் பிரிவுக்குக் காரணமான நம்பிக்கை பற்றிய வழக்கில் கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் 1999 அக்டோபர் 31-இல் செருமானியின் அவுக்சுபர்க்கு நகரில் உடன்பாடு ஒன்றிற் கையொப்பமிட்டனர். உலக மெதடிஸ்து மன்றம் 2006-இல் அதில் இணைந்தது. பேராக் தோட்டங்களில் அண்டை அயலாய் வாழ்ந்த மூன்று மரபினரும் இம்மூவரே. 1995ஆம் ஆண்டின் திருவிவிலியமும் கத்தோலிக்கரும் பிற சபையாரும் கூடிச் செய்தது. வழக்கிற்குரிய நூல்களை இணைத் திருமுறை என்னும் பெயரால் தனிப்பகுதியாக வைத்தது. விட்டுக்கொடாமலும் வெறுக்காமலும் கண்ட வழி அது.

இன்று இரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைத் தோட்டமாகவும் வீடமைப்புத் திட்டமாகவும் மாறிவிட்டன. லயத்து மக்கள் ஈப்போவிலும் பிற நகரங்களிலும் சிதறி வாழ்கின்றனர். அவர் எடுத்துச் சென்ற பெட்டிகளிற் பழைய விவிலியங்கள் இருப்பின், அவை பயனற்ற பழந்தாள்கள் அல்ல. பராபரன் என்றிருக்கிறதா, தேவன் என்றிருக்கிறதா, நூல் 66-ஆ, 73-ஆ என்று பார்த்தாலே அக்குடும்பம் எந்த ஊர் மரபினது, எந்தச் சபை வழியினது என்பது விளங்கும். திருக்குறளுக்குப் பாடபேதம் கற்பிக்கும் ஆசிரியர் இந்நூல்களையும் அதே பொறுமையோடு பக்கம் புரட்டிக் காட்டுவாராயின், கூட்டினான் குறைத்தான் என்னும் பழைய பூசல் அடுத்த தலைமுறைக்குச் செல்லாது.